முறைப் பாசனம்

வாங்கி எட்டு மாதம்.
ஊர்கள் எனக்கு இப்போது சதவீதங்கள்.
திருவாரூரிலிருந்து மன்னார்குடி பதினொன்று,
தஞ்சாவூர் இருபத்துமூன்று,
ஆடியில் போனால் மேல்காற்று
இன்னும் மூன்று தின்னும்.

"இறக்கத்துல திரும்ப ஏறிக்கும் சார்"
என்றான் விற்ற பையன். கோயம்புத்தூர்க்காரன்.
எங்கள் ஜில்லாவில் இறக்கம் என்பது
பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும்.
ஆனாலும் பொய்யில்லை.
ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெண்ணாறு, கோரையாறு,
தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ
ஒவ்வொன்றும் ஒரு துளி தருகிறது.

நீடாமங்கலம் கேட்டில்
எல்லோரும் வண்டியை அணைக்கிறார்கள்.
என்னிடம் அணைக்க ஒன்றுமில்லை.
கடலை விற்பவர் கண்ணாடியைத் தட்டி,
"நின்னுபோச்சா, தள்ளணுமா?"

கூத்தாநல்லூர் ஜெகபர்
காதால் கேட்டே நோய் சொல்கிறவர்.
பானட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்திருந்தார்.
பிறகு வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றினார்.
காசு வாங்கவில்லை.
அன்று மட்டும் எனக்கு
பழைய டீசல் வண்டியின் இருமல் வேண்டியிருந்தது.

அந்த இருமலுக்கு மேலே பேசிப் பேசி
பதினாறு வருடம் கத்தியிருக்கிறேன்.
"சத்தம் போடாதீங்க,
இங்கதானே உக்காந்திருக்கேன்" என்கிறாள் நீலா.
குரல் இறங்க இரண்டு மாதம் ஆனது.
இறங்கிய பிறகு
பேச என்ன இருக்கிறது என்று தேடியதில்
மேலும் ஒரு மாதம்.

சாலையில் குறுவை நெல் காய்கிறது.
முதுகு காட்டிக் காலால் துழாவுகிற பெண்ணுக்கு
நான் வந்தது தெரியாது.
ஹாரன் அடிக்க மனமில்லை.
அவள் திரும்பும்வரை நிற்கிறேன்.
"பேயாட்டம் வந்து நிக்கிறீங்களே!"
இப்போது பழகிவிட்டாள்.
வாத்துகள்தான் இன்னும் பழகவில்லை.

"பாதி வழியில நின்னுட்டா?" என்று கேட்காதவர் இல்லை.
நான் கடைமடைக்காரன்.
மேட்டூரில் திறந்தார்கள் என்ற செய்திக்கும்
எங்கள் வாய்க்கால் நனைவதற்கும் நடுவே இருந்த
இருபது நாளில் வளர்ந்தவன்.
போய்ச் சேருமா என்ற பயம்
எனக்குப் புது வண்டியோடு வந்ததல்ல.
காலைப் பேப்பரில் முதலில் அணை எத்தனை அடி,
அப்புறம்தான் பேட்டரி.

போன வாரம் தலைஞாயிறு தாண்டி, தங்கை வீடு.
திருத்துறைப்பூண்டி சார்ஜரின் வாயில்
யாரோ பாலித்தீன் பை கட்டியிருந்தார்கள்.
ஒன்பதோடு போய் நின்றேன்.
பிளக்கைச் செருகினால் பச்சை விளக்கு;
கொல்லைப் பக்கம் வயலில் மோட்டார் போட்டால்
விளக்கு செத்துவிடுகிறது.
இரண்டுக்கும் சேர்த்து வோல்டேஜ் இல்லை.
கலியபெருமாள் தலையைச் சொறிந்தார்.
"முறை வச்சுக்குவோம் மச்சான்.
பத்தரை வரைக்கும் நாத்து, அப்பறம் வண்டி."

எப்போதும் விளக்கு வைப்பதற்குள்
கிளம்பிவிடுகிறவர்கள் நாங்கள்.
அபயம் பரண்மேல் ஏறிப் பாய் எடுத்தாள்.
பதினொரு வருடம் கழித்து
அந்த வீட்டில் படுத்தேன்.
நீலாவும் அவளும் அடுப்படியில்
என்னவோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்,
என்னைப் பற்றித்தான் இருக்கும்.

மோட்டார் நின்றதும் விழித்துக்கொண்டேன்.
தவளைகள். வரப்பில் டார்ச் நடந்து வந்தது.
ஈரக்காலோடு கலியபெருமாள் பிளக்கை அழுத்திவிட்டு
பச்சை வருகிறதா என்று நின்று பார்த்தார்,
மடை திறந்தவன் பார்ப்பது போல.

விடிந்ததும் அறுபத்தொன்று.
வீட்டுக்குப் பதினாறு போதும்.
தோசைக்கல்லைப் போடுவதா வேண்டாமா என்று
கையில் வைத்துக்கொண்டு
"ஏறிடுச்சாண்ணா?" என்கிறாள் அபயம்.

"இன்னும் இல்ல" என்கிறேன்.